மைனஸ் 0.6 எப்படி 3277.4 ஆனது: கேத்தியில் கட்டிய உறைபனி அலாரம்

நீலகிரியில் கேத்தி பாலாடாவை ஒட்டிய சரிவில் என் மாமாவுக்கு முக்கால் ஏக்கர் நிலம். ஆறு அடுக்காக இறங்குகிறது. மேல் அடுக்குகளில் தேயிலை, நடுவில் கேரட், பள்ளத்தை ஒட்டிய கடைசி அடுக்கில் பீன்ஸ். நவம்பரில் விழும் நீர்ப்பனியால் பயிருக்குப் பெரிய தொந்தரவு இல்லை. டிசம்பர், ஜனவரியில்தான் பயம். மேகமே இல்லாமல், காற்றும் அசையாமல் இருக்கிற இரவில் மண் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். தண்ணீர் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேலே தேயிலை தப்பித்துவிடும், கீழே பீன்ஸ் கருகிவிடும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியால் மூடி வைப்பார்கள். காய்கறித் தோட்டத்தில் அது கட்டுப்படியாகாது. வெயில் ஏறுவதற்குள் ஸ்பிரிங்க்ளரைப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக மாமா பனிக்காலம் முழுக்க மூன்று மணிக்கே எழுந்து, டார்ச் அடித்துப் புல்லைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார். வயது அறுபத்தி நான்கு.

"நீ எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் பண்றியே மாப்ளே, என்னை எழுப்பிவிட ஒரு மணி மட்டும் பண்ணிக் குடு. தேவையில்லாத நாளில் நான் தூங்கிக்கிறேன்" என்றார்.

இந்த வேலைக்குச் சாதாரண மைக்ரோகன்ட்ரோலரே போதும். ஆறு வெப்பநிலை சென்சார், ஒரு சைரன், அவ்வளவுதானே. இருந்தும் நான் எஃப்பிஜிஏவை (உள்ளே இருக்கும் சுற்றை நாமே எழுதி அமைத்துக்கொள்ளும் சில்லை) எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு தடவையும் புது வேலை வரும்போது பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுவது எனக்கு அலுத்துவிட்டது. ஒரு சென்சாரைப் படிக்கும் சுற்றை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிட வேண்டும். அச்சு குத்துவது போல அதையே ஆறு தடவை பதிக்க வேண்டும். அடுத்த வருஷம் வேறொருவர் வேறொன்று கேட்டால் அதே அச்சை எடுத்துப்போக வேண்டும். எஃப்பிஜிஏவில் நாம் எழுதுவது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் நிரல் இல்லை. எழுதியபடி சில்லுக்குள் கம்பியும் லாஜிக் கேட்டுமாகச் சுற்றே உருவாகிறது. ஆறு தடவை பதித்தால் நிஜமாகவே ஆறு சுற்றுகள், ஆறும் ஒரே கணத்தில் வேலை செய்யும். குளிர்காற்று எந்த அடுக்கில் எப்போது இறங்குகிறது என்று பார்க்க இது வசதி.

போர்டு டாங் நானோ 9கே. அதிலிருக்கும் கோவின் சில்லில் 8640 லுக்கப் டேபிள்கள் (சுற்றைக் கட்டும் சின்னச் சின்ன லாஜிக் துண்டுகள்) உண்டு. 1985-இல் சைலிங்ஸ் வெளியிட்ட முதல் எஃப்பிஜிஏவான எக்ஸ்சி2064-இல் இருந்தவை வெறும் 64 லாஜிக் பிளாக்குகள். அந்த 64-ஐ வைத்துக்கொண்டே அன்றைக்குப் பொறியாளர்கள் போர்டு போர்டாகக் கம்பி இழுக்கும் வேலையைக் குறைத்தார்கள் என்பதை நினைக்கும்போது, என் மேசை மேல் கிடக்கும் இந்தச் சின்னப் பச்சைப் போர்டின் மேல் மரியாதை வருகிறது. மென்பொருள் எல்லாமே இலவசம், திறந்த மூலம். சுற்றாக மாற்ற யோசிஸ், சில்லில் இடம் பிடித்து வழி போட நெக்ஸ்ட்பிஎன்ஆர், போர்டில் ஏற்ற ஓப்பன்எஃப்பிஜிஏலோடர். சுற்றை எழுதும் மொழியான வெரிலாக்கில் ஒரு வரியைத் திருத்தினால் ஒரு நிமிஷத்துக்குள் போர்டில் பார்த்துவிடலாம். இந்த வேகம் இல்லையென்றால் நான் பாதியிலேயே விட்டிருப்பேன்.

சென்சார் டிஎச்டி22. விலை குறைவு, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை அளக்கும். துல்லியம் அரை டிகிரி முன்னே பின்னே. இதன் பேச்சு முழுக்க ஒரே கம்பியில், மைக்ரோசெகண்ட் கணக்கில் நடக்கிறது. முதலில் நாம் கம்பியை ஒரு மில்லிசெகண்டாவது கீழே, அதாவது பூஜ்ய வோல்ட்டுக்கு, இழுத்துப் பிடித்துவிட்டு விட வேண்டும். சென்சார் 80 மைக்ரோசெகண்ட் கீழே, 80 மேலே என்று 'இருக்கிறேன்' சொல்லும். அப்புறம் 40 பிட்கள். ஒவ்வொரு பிட்டும் 50 மைக்ரோசெகண்ட் கீழே தொடங்கும். அதன்பின் கம்பி மேலே நிற்கும் நேரம் 26 முதல் 28 வரை என்றால் அது 0, 70 என்றால் 1. முதல் 16 பிட் ஈரப்பதம், அடுத்த 16 வெப்பநிலை, கடைசி 8 பிட் செக்சம். முதல் நான்கு பைட்டையும் கூட்டினால் அதன் கடைசி 8 பிட் செக்சத்தோடு பொருந்த வேண்டும்.

போர்டின் க்ளாக் 27 மெகாஹெர்ட்ஸ் என்பது நல்ல வசதி. 27 துடிப்புக்கு ஒரு மைக்ரோசெகண்ட், மிச்சமே இல்லை. எழுதிய மாட்யூல்கள் (தனித்தனிச் சுற்றுத் துண்டுகள்) ஐந்து: மைக்ரோசெகண்ட் துடிப்பு தருவது, வெளிக் கம்பியைச் சுத்தப்படுத்தி உள்ளே விடுவது, சென்சாரைப் படிப்பது, எண்ணை எழுத்தாக்கி சீரியலில் (கம்ப்யூட்டருக்குப் போகும் கம்பியில்) அனுப்புவது, சைரனை முடிவு செய்வது. இவற்றுக்கிடையே ஒரே ஒரு ஒப்பந்தம்தான் வைத்தேன். தருகிறவர் 'வேலிட்' என்ற கம்பியை உயர்த்துவார், வாங்குகிறவர் 'ரெடி' என்ற கம்பியை உயர்த்துவார், இரண்டும் உயர்ந்திருக்கும் துடிப்பில் சரக்கு கைமாறும். எல்லா மாட்யூலும் இதே பேச்சைப் பேசினால் எதை எடுத்து எதோடும் மாட்டலாம். இன்னொன்றும் செய்தேன். சென்சார் கம்பி இருவழிக் கம்பி, நாமும் இழுப்போம், அதுவும் இழுக்கும். அந்த இருவழித் தன்மையை மாட்யூலுக்குள் வைக்கவில்லை. உள்ளே வருவது ஒன்று, 'கீழே இழு' என்று சொல்வது ஒன்று எனப் பிரித்துவிட்டு, சில்லின் பின்னோடு (வெளிக் கம்பி மாட்டும் காலோடு) சேர்ப்பதை மேல்மட்டக் கோப்பில் மட்டும் வைத்தேன். சில்லு மாறினால் மாறுவது அந்த ஒரு கோப்புதான்.

எந்தப் பின் என்று தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் போர்டின் ஓரத்தில் வரும் எல்லாப் பின்களும் 3.3 வோல்ட் இல்லை. 79-இலிருந்து 86 வரை உள்ளவை 1.8 வோல்ட் தொகுப்பில் இருக்கின்றன. வயரை மாட்டும் முன் சர்க்யூட் படத்தைத் திறந்து பார்த்ததால் தெரிந்தது. 25 முதல் 30 வரை ஆறு பின்களை எடுத்துக்கொண்டேன். சென்சாருக்கும் 3.3 வோல்ட்தான் கொடுத்தேன். 5 வோல்ட் கொடுத்தால் புல்-அப் (யாரும் இழுக்காதபோது கம்பியை மேலே பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) வழியாக அது சில்லுக்குள் வந்துவிடும்.

மேசை மேல் ஒரு சென்சார் முதல் நாளே படித்தது. ஆறையும் மாட்டிய பிறகு, நாளுக்கு இரண்டு மூன்று முறை ஏதோ ஒரு சென்சாரைப் படிக்கும் சுற்று அர்த்தமில்லாத நிலைக்குப் போய் நின்றது. சிமுலேஷனில், அதாவது போர்டு இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே, ஆயிரம் தடவை ஓட்டினாலும் தப்பே வரவில்லை. நான்கு இரவு இதிலேயே போனது. காரணம் இதுதான்: சென்சாருக்கு என் க்ளாக் தெரியாது. அது நினைத்த நேரத்தில் கம்பியை மாற்றும். அந்த மாற்றம் சரியாக க்ளாக் விளிம்பில் வந்து விழுந்தால், அதே கம்பியைப் பார்க்கும் இரண்டு ஃபிளிப்ஃபிளாப்களில் (ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் சுற்றுகளில்) ஒன்று 'மேலே' என்றும் மற்றது 'கீழே' என்றும் பிடித்துவிடும். நிலையைக் குறிக்கும் பிட்களில் பாதி ஒரு பக்கமும் பாதி மறுபக்கமும் போனால், நான் எழுதவே எழுதாத ஒரு நிலையில் சுற்று நிற்கும். சிமுலேஷனில் கம்பி எப்போதும் சுத்தமாக மாறுவதால் அங்கே இது தெரிய வழியில்லை.

மருந்து பழையது, எல்லோருக்கும் தெரிந்தது: வெளிக் கம்பியை வரிசையாக இரண்டு ஃபிளிப்ஃபிளாப் வழியாக விட்டு, கடைசியில் வருவதை மட்டும் மற்றவர்கள் பார்க்க வேண்டும். தெரிந்தும் சோம்பலில் விட்டிருந்தேன். இப்போது அதையே தனி மாட்யூலாக்கி, அதற்குள்ளேயே ஒரு வடிகட்டியும் வைத்தேன். தொடர்ந்து 4 மைக்ரோசெகண்ட் ஒரே மாதிரி இருந்தால்தான் மாற்றத்தை ஏற்கும். பம்ப் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது கம்பியில் ஏறும் குத்தல்கள் இதில் நின்றுவிடுகின்றன. 28-க்கும் 70-க்கும் நடுவே இடைவெளி தாராளம், 4 போனால் ஒன்றும் குறையாது. அதற்குப் பிறகு அந்தத் தொந்தரவு ஒருநாளும் திரும்பவில்லை.

நிலத்தில் வைப்பதற்கு முன் ஆறு சென்சாரையும் ஒரே அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த ஃபிளாஸ்கில், மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டிய சென்சாரை இறக்கிக் கால் மணி நேரம் விட்டேன். பூஜ்யம் காட்ட வேண்டும். ஆறும் 0.1-க்கும் 0.4-க்கும் இடையே காட்டின. மிகுந்த சந்தோஷம். ஒன்றுகூடப் பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை என்பது அப்போது என் கண்ணில் உறைக்கவில்லை.

சென்சாருக்கு வீடு, கவிழ்த்து அடுக்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகள். தட்டுக்குத் தட்டு இரண்டு விரல் இடைவெளி, நடுவில் போல்ட். காற்று போகும், பனி நேராக விழாது. பயிர் உயரத்தில், தரையிலிருந்து ஒரு ஜாண் மேலே வைத்தேன். ஆள் உயரத்தில் வைத்தால் ஏமாந்துவிடுவோம். மேலே காற்று இரண்டு டிகிரி காட்டும்போதே கீழே புல் வெளுத்திருக்கும். கம்பி, நெட்வொர்க் கேபிள். சிக்னலையும் கிரவுண்டையும் ஒரே ஜோடியில் முறுக்கிவிட்டேன். போர்டை மோட்டார் ஷெட்டில் வைத்ததால் மிகத் தூரமான சென்சாருக்கும் 18 மீட்டர்தான். 4.7 கிலோ ஓம் புல்-அப்பில் ஒழுங்காக வேலை செய்தது. அதற்கு மேல் தூரம் என்றால் இந்த ஒற்றைக் கம்பிப் பேச்சை நம்பக் கூடாது என்பது என் கருத்து.

டிசம்பர் நடுவில் ஓர் இரவு காட்டெருமைகள் நிலத்தைக் கடந்து போயிருக்கின்றன. மூன்றாவது அடுக்கின் கேபிள் அறுந்துவிட்டது. அதைவிடக் கவலை தந்தது, ஒரு சென்சார் போனதற்கு ஆறும் நின்றுபோனதுதான். அறுந்த கம்பியைப் புல்-அப் மேலேயே பிடித்து வைத்திருக்கிறது. சென்சார் எப்போது கீழே இழுக்கும் என்று என் சுற்று காத்துக்கொண்டே இருந்தது. ஆறு பேரின் பதிலும் வந்தால்தான் அனுப்புவது என்று சீரியல் மாட்யூலும் காத்திருந்தது. ஒருவர் வராததால் கல்யாணமே நின்ற மாதிரி. சென்சாரின் முழுப் பதிலும் சுமார் 5 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். அதனால் 10 மில்லிசெகண்டில் முடியவில்லையென்றால் 'பதில் இல்லை' என்ற குறியோடு மாட்யூல் தானே திரும்பி வந்துவிட வேண்டும் என்று மாற்றினேன். போர்டிலேயே ஆறு எல்இடி இருப்பதால் அடுக்குக்கு ஒன்று. கம்பி போனால் அந்த விளக்கு அணையும், சைரன் பகலில் இரண்டு சின்னக் குரல் கொடுக்கும்.

அப்புறம் ஜனவரி.

முதல் வாரத்தில் ஒரு நாள் காலை ஆறரைக்கு மாமா போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "மணி ரெண்டு வாட்டி அடிச்சுது மாப்ளே. எழுந்து ஸ்வெட்டர் போட்டுட்டு வெளிய வர்றதுக்குள்ள நின்னுபோச்சு. சரி, சூடு ஏறிடுச்சு போலன்னு படுத்துட்டேன். இப்ப வந்து பாரு." நான் போனபோது கடைசி அடுக்குப் பீன்ஸ் முழுவதும் கொதிநீர் ஊற்றினது போலத் துவண்டு கறுத்திருந்தது.

ஷெட்டில் லேப்டாப்பை மாட்டிப் பதிவைப் பார்த்தேன். 3:50-க்கு ஆறாவது சென்சார் 0.4. சைரன் வரம்பு 0.5 என்பதால் அடித்திருக்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அடிப்பதாக வைத்திருந்தேன், 3:55-க்கு 0.2, மறுபடி அடித்திருக்கிறது. 4:00-க்கு 3276.9. 4:10-க்கு 3277.4.

டிஎச்டி22 குறை எண்ணை, கணினிகள் வழக்கமாக எழுதும் இரண்டின் நிரப்பு முறையில் அனுப்புவதில்லை. வெப்பநிலையின் 16 பிட்டில் தலைப்பிட் வெறும் குறி. அது 1 என்றால் மைனஸ், மீதி 15 பிட்டும் அளவு. மைனஸ் 0.6 என்றால் 6-உம் தலைப்பிட்டும். தலைப்பிட்டின் மதிப்பு 32768. 6-ஐச் சேர்த்தால் 32774. பத்தால் வகுத்தால் 3277.4. சென்சார் அனுப்பியது சரி, செக்சமும் சரி. தப்பு முழுக்க நான் படித்த விதத்தில். 3277 டிகிரி 0.5-ஐவிடப் பெரியது, ஆகவே பயிர் நிஜமாக உறையத் தொடங்கிய அந்த நிமிஷத்தில் சைரன் வாயை மூடிக்கொண்டது. சமவெளியில் இருந்தால் இந்தத் தப்பு எத்தனை வருஷமானாலும் வெளியே வந்திருக்காது. எதற்காகக் கட்டினேனோ அந்த இடத்திலேயே அது கைவிட்டது.

அன்று இரவு ஒரு முடிவு எடுத்தேன். இனி வெறும் மாட்யூலை மட்டும் சேமித்து வைப்பதில்லை. அதன் சோதனையையும் அதோடு சேர்த்தே வைப்பது. ஐகாரஸ் வெரிலாக் என்ற சிமுலேட்டரில் ஒரு போலி சென்சாரை எழுதினேன். எந்த எண்ணைக் கொடுத்தாலும் நிஜச் சென்சார் போலவே பிட் பிட்டாகக் கம்பியில் பேசும். கொஞ்சம் முன்னே பின்னே நேரம் தவறவும் செய்யும். அதைக் கொண்டு இதுவரை நிலத்தில் நடந்த எல்லாவற்றையும் திரும்ப நடத்தினேன்: அறுந்த கம்பி, நடுவில் குத்தல், செக்சம் தவறு, 0.0, மைனஸ் 0.1, மைனஸ் 0.6, மைனஸ் 40.

திருத்திய மாட்யூலில் தலைப்பிட்டைப் பார்த்து எண்ணை மைனஸாக்கினேன். சோதனை அப்போதும் தோற்றது. மைனஸ் 0.6 சரியாகவே வந்தது, ஆனால் சைரன் அடிக்கவில்லை. சிக்னல்களை அலையாகக் காட்டும் ஜிடிகேவேவில் விரித்துப் பார்த்தால் ஒப்பிடும் இடத்தில் சிக்கல். வெரிலாக்கில் ஒரு கணக்கில் ஒரு பக்கம் குறியுள்ள (மைனஸாகவும் இருக்கக்கூடிய) எண்ணும் மறுபக்கம் குறியில்லாத எண்ணும் வந்தால், இரண்டையுமே குறியில்லாததாக எடுத்துக்கொள்ளும். வரம்பை நான் குறியில்லாத 16 பிட்டாக அறிவித்திருந்தேன். ஆகவே மைனஸ் 6, 65530 ஆகிவிட்டது. வரம்பையும் குறியுள்ளதாக அறிவித்ததும் தீர்ந்தது. இந்தச் சோதனை இல்லாமல் மறுபடி நிலத்தில் வைத்திருந்தால் இன்னொரு அடுக்குப் பயிர் போயிருக்கும்.

போலிச் சென்சாரோடு நிற்காமல் நிஜத்திலும் பார்த்தேன். ஃபிளாஸ்க் ஐஸில் இரண்டு கை கல்லுப்பைப் போட்டுக் கலக்கினால் பூஜ்யத்துக்கு நன்றாகக் கீழே போகும். பையில் கட்டிய சென்சாரை இறக்கினேன். மைனஸ் 7.8, சைரன் அலறியது. முதலிலேயே உப்பைப் போட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து நான்கு மணி சுமாருக்கு மணி அடித்தது, நிற்கவில்லை. மாமா ஸ்பிரிங்க்ளரைத் திறந்தார். தண்ணீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி வெப்பத்தை இலையின் மேலேயே விட்டுவிடும். அதனால்தான் வெயில் வந்து பனி கரையும் வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி இன்னும் குளிர்ந்துவிடும். அன்றைக்குக் கடைசி அடுக்கில் மைனஸ் 1.1, முதல் அடுக்கில் 1.6. ஒரே நிலத்தில், ஒரே கணத்தில் 2.7 டிகிரி வித்தியாசம். மாமா அந்த ஆறு எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த பனிக்காலத்தில் பீன்ஸை மூன்றாவது அடுக்குக்கு ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரியில் கோத்தகிரியில் சிறிய தேயிலை ஃபேக்டரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், இலை வாட்டும் மாடியில் ஈரப்பதம் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கையில் சும்மா இருந்தது லாட்டிஸின் ஐஸ்ஸ்டிக் என்ற வேறொரு எஃப்பிஜிஏ போர்டு, 1280 லாஜிக் செல், 12 மெகாஹெர்ட்ஸ் க்ளாக். நான்கு சென்சார் அடங்கும். மேல்மட்டக் கோப்பை மாற்றி, க்ளாக் எண்ணை 27-இலிருந்து 12 ஆக்கினேன். சீரியலின் வேகத்தைத் தீர்மானிக்கும் வகுத்தி 234-இலிருந்து 104-க்குத் தானாகவே மாறியது. இருபது நிமிஷத்தில் போர்டில் ஏறிவிட்டது. நான்கு சென்சாரும் ஈரப்பதம் 0.0, வெப்பம் 0.0 என்று காட்டின. தவறு என்ற குறி எதுவும் இல்லை.

0-வா 1-ஆ என்று பிரிக்கும் எல்லையை 48 மைக்ரோசெகண்ட் என்று எழுதாமல், ஒரே ஓர் இடத்தில் மட்டும் 1296 க்ளாக் என்று எழுதி வைத்திருந்தேன். 27 மெகாஹெர்ட்ஸில் அது 48 மைக்ரோசெகண்ட், 12-இல் 108. 70 மைக்ரோசெகண்ட் நிற்கும் பிட்கூட அதைத் தாண்டாது, எல்லாமே 0 ஆகிவிடும். நான்கு பூஜ்யத்தைக் கூட்டினால் பூஜ்யம், செக்சமும் பூஜ்யம், பொருந்திவிடுகிறது. வரியைத் திருத்தினேன். நாற்பது பிட்டும் பூஜ்யமாக வந்தால் ஏற்காதே என்று மாட்யூலில் சேர்த்தேன். போலிச் சென்சார் சோதனையை இப்போது 12, 27, 50 மெகாஹெர்ட்ஸ் மூன்றிலும் ஓட்டுகிறேன். 50-இல் ஓட்டிய முதல் தடவையே மைக்ரோசெகண்ட் எண்ணியில் 5 பிட்தான் இருப்பதும் அது 31-க்கு மேல் எண்ணாது என்பதும் தெரிந்தது. அதையும் க்ளாக் எண்ணைப் பார்த்துத் தானே அகலம் எடுத்துக்கொள்ளும்படி எழுதிவிட்டேன். கோத்தகிரி மாடியில் நான்கு சென்சாரும் மூன்று வாரமாக ஓடுகின்றன. அங்கே இலைத் தூசி தட்டுகளுக்குள் ஏறுகிறது. பழைய வலைத்துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறோம், வாரம் ஒருமுறை உதற வேண்டியிருக்கிறது.